சத்தம் ஏறாத தரை

வீட்டில் படம் பார்ப்பதற்கென்று தனி அறை போடுகிறவர்கள் திரையைப் பற்றி ஆறு மாதம் யோசிப்பார்கள். ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வருஷம்கூட யோசிப்பார்கள். தரையைப் பற்றிய நினைப்பு கடைசி நாள் சாயங்காலம்தான் வரும். இருக்கிற டைல்ஸே போதும் என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் வசனம் புரியவில்லை, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். பாவம், ஸ்பீக்கரில் ஒரு கோளாறும் இருக்காது.

நீங்கள் முதல் கேள்வியாகத் தரையைப் பற்றிக் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது, மேடம். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் அண்ணனில்தான் ஆரம்பித்தார்கள். தரையில் ஆரம்பித்தால் எனக்குச் சொல்ல வரும். தட்டச்சு செய்கிறவருக்குச் சில சொற்கள் சிரமமாக இருக்கலாம். கேட்டால் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை.

டைல்ஸ் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். மரப்பலகை மாதிரி ஒட்டுகிறார்களே, அது பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் உள்ளே வெற்றிடம் இருந்தால் மேளம் மாதிரி அதிரும். கார்ப்பெட் நல்லது. ஆனால் வெறும் கார்ப்பெட் அறைக்குள் இருக்கிற எதிரொலியை மட்டும்தான் குடிக்கும். கட்டடத்தின் வழியாக ஏறி வருகிற சத்தத்தை அது ஒன்றும் செய்யாது. காற்றில் வருகிற சத்தம் வேறு, தட்டுவதால் வருகிற சத்தம் வேறு. இதைப் படித்தவர்களுக்கே விளக்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் வேலை. இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரியில் செவித்திறன் பரிசோதனை செய்கிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பேன். அதில் பாதிப் பேர் கேட்காததைக் கேட்டதாக அழுத்துவார்கள். இன்னும் சிலர், நஷ்டஈட்டுக்காக வருகிறவர்கள், கேட்டும் அழுத்தமாட்டார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. விரல் அசையாது, ஆனால் மூச்சு ஒரு கணம் நிற்கும்.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் அறையைப் பற்றிச் சொல்ல முடியாது. அறை மாடியில் இருந்தது, அண்ணன் அதற்கு நேர்கீழே இருந்தார்.

என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். அப்பா போனபோது எனக்கு எட்டு வயது. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு நில அளவைத் துறையில் வேலைக்குப் போனார். தம்பிக்கு முடியட்டும், தம்பிக்கு முடியட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தப் பேச்சே விட்டுப்போயிற்று. காது சம்பந்தமான படிப்புக்குக் கூட்டம் இல்லை என்று விசாரித்து வந்து என்னைச் சேர்த்துவிட்டது அவர்தான். எனக்குப் பெண் பார்க்கப் போனதும் முதலில் அவர்தான். வீடு கட்டினார், கீழே தனக்கு, மாடி எங்களுக்கு. என் முதல் மூக்குக்கண்ணாடியின் சட்டம்கூட அவர் எடுத்துக் கொடுத்தது. எல்லாமே நல்ல தேர்வு, மேடம். ஒன்றில்கூட என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயது வரை ஒரு மனிதனுக்குக் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்காமல் இருப்பதை நீங்கள் யோசித்துப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல் தவிர. சிலருக்கு அப்படி ஒன்று மிஞ்சும். அண்ணனுக்கு மிஞ்சியது 'சரி'. தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, வேண்டாமென்றாலும் சரி, வலித்தாலும் சரி. இழுக்கிற விதத்தை வைத்து நாங்கள் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி அதில் கெட்டிக்காரி. "பெரியத்தான் சொல்ற சரியில பதினாலு தினுசு இருக்கு" என்பாள்.

காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை ஒரு நர்ஸம்மா வருவார். மனைவி தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், வீடு திரும்ப ஏழு ஆகும். எனக்கு மூன்றரைக்கு வேலை முடிந்துவிடும். ஆகவே நாலிலிருந்து ஏழு வரை அண்ணன் என் பொறுப்பு. நான் மாடியில் இருந்தால் கூப்பிட அவருக்கு ஒரு வழி வேண்டுமே என்று, இடதுகையில் ஒட்டடைக் கம்பைக் கொடுத்தேன். அலுமினியக் கம்பு, லேசானது. படுத்தபடியே கூரையைத் தட்டலாம். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

அவர் தட்டுவார். தலையணை சரிந்தால் தட்டுவார், ஈ உட்கார்ந்தால் தட்டுவார், மின்விசிறி வேகமாகச் சுற்றினால், மெதுவாகச் சுற்றினால் தட்டுவார். நான் இறங்கிப் போவேன். சரி என்பார். ஏறி வருவேன், சட்டையைக் கழற்றுவதற்குள் மறுபடி. சில நாள் காரணமே இருக்காது. போய் நின்றால் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் கொஞ்சம் உட்காரச் சொல்கிறார் என்று மனைவி சொன்னாள். இருக்கலாம். நாளெல்லாம் கூண்டுக்கு வெளியே பீப், பீப் என்று உட்கார்ந்துவிட்டு வருகிறவனுக்கு அந்தத் தட்டல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் யாரோ மேஜைமேல் பேனாவைத் தட்ட, நான் பாதிப் பரிசோதனையில் எழுந்து படிக்கட்டு வரைக்கும் போய்விட்டேன்.

அந்த வாரம்தான் எனக்கு ஹோம் தியேட்டர் ஆசை வந்தது. நீங்கள் எழுதும்போது ஆசை என்றே எழுதலாம்.

தரை போட வந்தவர் தொழில் தெரிந்த மனிதர். ஒரு தோல்பெட்டி நிறைய மாதிரித் துண்டுகள் கொண்டுவந்தார். பளபளப்பானதையெல்லாம் முதலில் எடுத்து வைத்தார். நான் அவற்றைத் தள்ளிவிட்டு, கனமான ரப்பர் பாய் இருக்கிறதா என்று கேட்டேன். ரப்பர், அதன்மேல் சிமென்ட் அட்டை, அதன்மேல் பிளைவுட், மறுபடி மெல்லிய ரப்பர், எல்லாவற்றுக்கும் மேலே கெட்டிக் கார்ப்பெட். சுவரை எங்கேயும் தொடாமல், விளிம்பில் ஒரு விரல் இடைவெளி. அப்படிப் போட்டால் தரை பழைய தளத்தின்மேல் மிதக்கும். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"எல்லாரும் மேல போடுற சத்தம் கீழ போகக் கூடாதுன்னு கேப்பாங்க சார். நீங்க கீழ இருக்கிறது மேல வரக் கூடாதுன்னு கேக்குறீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றேன்.

"ஒண்ணுதான். ஆனா இதுவரைக்கும் யாரும் இந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டதில்ல."

மூன்று வகை ரப்பரில் எது நல்லது என்பதைச் சோதித்துத்தான் எடுத்தேன். அந்தச் சோதனையைப் பற்றி நர்ஸம்மா உங்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. அவர் சொன்னது உண்மைதான். நான் கீழே போய் அண்ணனிடம், மாடியில் தரை மாற்றப் போகிறேன், நீங்கள் வழக்கம்போலத் தட்ட வேண்டும், ஒவ்வொரு பாய்க்கும் பத்துத் தட்டு என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. படுக்கையில் விழுந்ததிலிருந்து அவரிடம் யாரும் ஒரு வேலை சொல்லவில்லை. நில அளவைக்காரர் அல்லவா, கணக்குத் தவறவில்லை. பத்து, சின்ன இடைவெளி, மறுபடி பத்து. நான் மேலே பாயின்மீது காலை வைத்தும் காதை வைத்தும் பார்த்தேன். மூன்றாவது பாய்க்குத் தட்டிய பத்தும் காதுக்கு எட்டவில்லை. அதையே எடுத்தேன்.

படத்தின் சத்தம் தனக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று நான் மெனக்கெடுவதாக அவர் நினைத்துக்கொண்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நான் இறங்கி வந்தபோது அவர் வியர்த்திருந்தார், சரியா என்பதுபோலப் பார்த்து "சரி?" என்றார். அந்தச் சொல்லைக் கேள்வியாக அவர் கேட்டது அன்று ஒரு தடவைதான். பிரமாதம் அண்ணே என்றேன்.

பிறகு எப்படிக் கூப்பிடுவார் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அழைப்புமணி ஒன்று வாங்கினேன். கட்டிலோரம் ஒரு பொத்தான், மாடி அறையில் ஒரு பெட்டி. அழுத்தினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். நர்ஸம்மா பொத்தானை இடதுகைப் பக்கம் மாட்டுவார். அவர் நாலு மணிக்குப் போனதும் நான் அதை எடுத்து வலதுபக்கக் கொக்கியில் மாட்டுவேன். மனைவி வருவதற்கு முன் மறுபடி இடதுபக்கம். ஏன் என்று கேட்கிறீர்கள். வலதுபக்கம் கொக்கி உறுதியாக இருந்தது. இடதுபக்கம் ஆடியது. இதைத்தான் முதலில் உங்கள் உதவி ஆய்வாளரிடமும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். சரி, அதை அடித்துவிடுங்கள். வலதுகை விளங்காது என்பதால்தான் மாட்டினேன்.

முதல் வாரம் அரைமணிக்கு ஒரு தடவை இறங்கிப் பார்த்தேன். அடுத்த வாரம் ஒரு மணிக்கு ஒரு தடவை. அப்புறம் படம் முடிந்ததும் போவது வழக்கமாயிற்று. படுக்கை நனைந்திருக்கும், மாற்றுவேன். தண்ணீர் கொடுத்தால் நிறையக் குடிப்பார். கோபப்பட்டதில்லை. கூரையில் கம்பு படுகிற இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து, அவர் நெற்றியிலும் புருவத்திலும் வெள்ளையாக விழுந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுப்பார். உண்மையைச் சொல்கிறேன், அந்த மாதங்களில்தான் நான் அவரிடம் மிகவும் பிரியமாக நடந்துகொண்டேன். முன்பெல்லாம் சிடுசிடுப்பேன். நல்ல அறை ஒன்று அமைந்தால் மனிதனுக்குப் பொறுமை வருகிறது.

மனைவி ஒரு தடவை, பெரியத்தான் தலையில் என்ன மாவு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். பழைய கூரை, உதிர்கிறது, வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன் என்றேன். ஆள் சொல்லியும் இருந்தேன்.

அந்த நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு மணிக்கு நர்ஸம்மா கிளம்பினார். அண்ணன் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, முகம் ஒரு மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று வாசலில் நின்று சொன்னார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உள்ளே போய்ப் பொத்தானை மாற்றினேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். இடதுகையில் அவருக்கு இன்னும் நல்ல பலம் இருந்தது. "சரி" என்றார். இழுத்து, மெல்ல, எனக்குப் பழக்கமில்லாத ஒரு தினுசில். நான் விரல்களைப் பிரித்து, கையைக் கம்பின்மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

ஒரு போர்ப் படம் போட்டேன். முன்பே நாலு தடவை பார்த்தது. ஆறு மணிக்கு முடிந்தது. கீழே இறங்கினேன். அண்ணன் போய்விட்டிருந்தார்.

முகத்தைத் துடைத்தேன். தலையணை உறையை மாற்றினேன். பொத்தானை இடதுபக்கம் மாட்டினேன். அதன் பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தேன். வந்தவர் எங்கள் குடும்ப டாக்டர், வயதானவர். மாரடைப்பு, ஐந்தேகாலுக்குப் பக்கத்தில் உயிர் போயிருக்கும் என்றார். அதற்கு முன்னால் ஒரு மணி நேரமாவது வலித்திருக்கும், அப்போதே கொண்டுவந்திருந்தால் ஒருவேளை என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் மாடியில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே செய்தார்கள். தம்பியை இப்படிப் பார்த்துக்கொண்ட அண்ணனும் இல்லை, அண்ணனை இப்படிப் பார்த்துக்கொண்ட தம்பியும் இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து நாலாம் நாள், கீழ் அறையைக் கூட்டப் போன மனைவி நெடுநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். கட்டில்மேல் ஏறி நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு பெயர்ந்து, பூச்சு பெயர்ந்து, ஒரு தட்டு அகலத்துக்குக் கான்கிரீட் தெரிந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நான் துடைக்காமல் விட்ட இடத்தில் வெள்ளைப் பொடி குவிந்து கிடந்தது. அவள் இறங்கி அதை விரலால் அளந்து பார்த்தாள்.

"ஒரு மணி நேரமா தட்டியிருக்காருங்க" என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை என்றேன். அந்தத் தரை அப்படி என்று விளக்கினேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் நர்ஸம்மாவை வரச்சொல்லியிருந்தாள். எனக்குச் சொல்லவில்லை. மாடிக்கு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அன்று பார்த்த படத்தைப் போடுங்கள் என்றாள். அன்று வைத்த அளவிலேயே வையுங்கள் என்றாள். போட்டேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கார்ப்பெட்டில் காலை ஊன்றிக்கொண்டாள். இருவரும் திரையைப் பார்த்தோம். இப்படி ஒரு பரிசோதனையை நான் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன், மேடம், ஆனால் கூண்டுக்குள் உட்கார்ந்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் தலைகுனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் காதையோ காலையோ பார்க்கவில்லை, மார்பைத்தான் பார்த்தாள். மூச்சு நின்றிருக்க வேண்டும்.

கீழே நர்ஸம்மா தட்டிக்கொண்டிருந்தார்.

மனைவி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். "காதுக்குத்தான் வரலை, இல்லையா" என்றாள். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவளையும் அண்ணன்தான் தேர்ந்தெடுத்தார்.

ஆமாம். தரை சத்தத்தை நிறுத்தியது, அதிர்வை முழுக்க நிறுத்தவில்லை. எந்தத் தரையும் நிறுத்தாது. அது எனக்கு மூன்றாவது பாயைத் தேர்ந்தெடுத்த அன்றே தெரியும். குதிகாலில் லேசாக, நாடித் துடிப்பு மாதிரி வரும். அந்த மாதங்களில் அவர் தட்டிய ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எழுந்திருக்காமல் இருக்க முடிகிறது என்பதுதான் அந்த அறையில் எனக்குக் கிடைத்த சுகம். படத்தையெல்லாம் நான் எங்கே பார்த்தேன்.

அன்று நாலு இருபதுக்கு ஆரம்பித்தார். வழக்கமான தட்டல் இல்லை, அதுவும் தெரிந்தது. விட்டு விட்டு, பிறகு வேகமாக, பிறகு ஒழுங்கில்லாமல். நான் சப்வூஃபரை ஏற்றினேன். அது என்னவென்று தட்டச்சு செய்கிறவர் கேட்கிறார். கனத்த சத்தத்துக்கென்று தனியாக வைக்கிற பெட்டி, தரையையே அதிரவைக்கும். குண்டு விழுகிற காட்சிகளில் இரண்டும் கலந்துபோயிற்று. அமைதியான காட்சிகளில் கலக்கவில்லை. ஒரு அமைதியான காட்சி நீண்டுகொண்டே போனது. நான் காலைத் தூக்கி முன்னாலிருந்த ஸ்டூலின்மேல் வைத்துக்கொண்டேன். அதைத்தான் நான் செய்தேன். வேறு எதையும் நான் செய்யவில்லை என்று சட்டப்படி சொல்லலாம்தான், ஆனால் நீங்கள் கேட்டது சட்டத்தை இல்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் காலை இறக்கிப் பார்த்தேன். தட்டல் நின்றிருந்தது.

கம்பு எங்கே இருந்தது என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். தரையில் விழுந்து கிடக்கவில்லை. கட்டிலிலும் இல்லை. சுவரோரமாக, நேராகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் அதைத் தொடவில்லை, நர்ஸம்மாவும் மனைவியும் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். அண்ணன்தான் வைத்திருக்கிறார். டாக்டர் சொன்ன கணக்குப்படி அதற்குப் பிறகும் கால்மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறார். மனைவி இதைக் கேட்டபோதுதான் முதல் தடவையாக அழுதாள். ஏன் அழுதாள் என்று எனக்குப் புரியவில்லை. அதில் ஆறுதலான விஷயம்தான் இருக்கிறது. வலி விட்டிருக்கும், மேடம். அதனால்தான் கம்பை ஓரமாக வைத்துவிட்டார். இல்லாவிட்டால், நான் மேலேதான் இருக்கிறேன் என்று தெரிந்தவர், தட்டிக்கொண்டுதானே இருந்திருப்பார்.